குடிக்காத தொட்டிக்காரர்

அத்தான் குடிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பை அக்கா என் தலையில் கட்டியபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நான் பஸ் கண்டக்டர். பதினாறு வருட சர்வீஸ். ஒருவன் படியில் கால் வைக்கும்போதே எவ்வளவு ஏற்றியிருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். வாந்தி எடுக்கப்போகிறவனை இரண்டு ஸ்டாப் முன்னதாகவே இறக்கிவிட்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் என்னைவிட்டால் ஆள் கிடையாது.

அக்காவுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அதனால் கல்யாணப் பேச்சின்போதே அக்கா மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு நாள் குடிச்சுப் பார்த்தேன்னாலும் சரி, அடுத்த நாள் நான் உங்க வீட்ல இருக்க மாட்டேன்." அத்தான் சிரித்தார். "எனக்கு சோடா குடிச்சாலே மூக்குல ஏறும்மா" என்றார். பத்து வருடம் அந்த மூக்கு அக்காவுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. குடிக்கக்கூடாது என்று எனக்கும் அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். அதை நான் எப்போது மீறினேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். மீறினேன், அக்காவுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். பூட்டுத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. அங்கே அவருக்குத் 'தொட்டிக்காரர்' என்று பெயர். வெட்டியும் துளைத்தும் வருகிற பூட்டு உறுப்புகளில் எண்ணெயும் பிசுக்குமாக இருக்கும். அத்தான் அவற்றைக் கம்பிக் கூடையில் போட்டு ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்குவார். தொட்டியின் அடியில் டி.சி.ஈ. என்கிற திரவம் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் ஆவி பட்டதும் எண்ணெய் கழன்று ஓடிவிடும். கூடையை வெளியே எடுத்தால் துடைக்கவே வேண்டாம், பளபளவென்று காய்ந்திருக்கும். தண்ணீர் மாதிரி நிறமில்லாதது, இனிப்பாக மணக்கும், லேசில் தீப்பிடிக்காது என்று அத்தான் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். தீப்பிடிக்காத பொருள் என்றால் சாதுவான பொருள் என்று அவருடைய எண்ணம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

நாலு மாதமாக அவர் நடவடிக்கை சரியில்லை என்றாள் அக்கா. சோப்பு வாங்கப் போனவர் மெழுகுவர்த்தியோடு வந்து நிற்கிறார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். பெண்ணைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு, கூப்பிட்டு வந்துவிட்டதாக வீட்டில் சாதிக்கிறார். சாயங்காலம் வரும்போது நடை மெத்தைமேல் நடப்பது போலிருக்கிறது, பேச்சு குழறுகிறது. கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார். விடுமுறை நாளில் தலைவலி என்று யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறார். வாரம் பிறந்து வேலைக்குப் போய்விட்டால் பழையபடி சிரித்த முகம்.

"இது எல்லாம் யாருக்கு வரும்னு உனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. தெரியும். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் ஒன்று குழப்பியது. நான் மூன்று நாள் அவர் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எந்தச் சரக்கின் வாடையும் இல்லை. லேசாக ஒரு இனிப்பு வாசனை. மருந்துக்கடையில் அடிக்குமே, அந்த மாதிரி.

அப்போதுதான் எனக்கு அந்தக் கோணல் யோசனை தோன்றியது. குடிக்காதவனிடம் கொடுத்தால் முதல் வாயிலேயே முகம் சுளிக்கும், இருமல் வரும். பழகியவன் சத்தமில்லாமல் இறக்குவான். அக்கா துணிக்கடையில் பில் போடும் வேலையிலிருந்து ஏழு மணிக்குத்தான் வருவாள். அத்தான் ஐந்தரைக்கே வந்துவிடுவார். ஒருநாள் நானும் அந்த நேரத்துக்குப் போனேன், பையில் ஒரு பீர் பாட்டிலோடு. பெண் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இதைக் குடிங்க அத்தான்."

"என்ன மச்சான் இது? உங்க அக்கா கொன்னுடுவா."

"நீங்க பழக்கம் இல்லாதவர்னு நான் அவகிட்ட சொல்லணும்ல? அரை டம்ளர். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அந்த மனிதர் நம்பிவிட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் குடித்தார். நன்றாக முகம் சுளித்தார், இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குச் சந்தோஷம். அக்காவிடம் நல்ல சேதி சொல்லலாம் என்று டம்ளரைக் கழுவப் போனேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் மனிதர் முகமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருக்கிறது. கழுத்து, காது, நெஞ்சு வரைக்கும் சிவப்பு. யாரோ அறைந்துவிட்டுப் போனதுபோல. அரை டம்ளர் பீருக்கு இப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. குழம்பிப்போய் நிற்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம். அன்றைக்கென்று பார்த்து அக்கா சீக்கிரம் வந்துவிட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தாள், பீர் வாடையைப் பிடித்தாள். கத்தவில்லை.

"எங்க வாங்கினீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "நானேதான்..." என்றார் கடைசியில்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ எப்ப வந்தே?"

"இப்பத்தான்க்கா. நீ வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி."

"நீ சொல்லு. குடிக்கிறாரா?"

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என் சத்தியமும் சேர்ந்து சந்திக்கு வரும். அதோடு, அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்து எனக்கே எது உண்மை என்று தெரியாமல் போய்விட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கே அக்கா துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பெண்ணோடு கிளம்பிவிட்டாள். எங்கே போவாள்? என் வீட்டுக்குத்தான்.

அடுத்த பதினோரு நாளும் எனக்கு நரகம். ஒன்றரை அறை வீட்டில் அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். "நீ ஒருத்தன் உண்மையைச் சொன்னதால நான் தப்பிச்சேன்" என்பாள். சாப்பாடு இறங்காது. ஆனாலும் அத்தான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாரே, எவ்வளவு பெரிய மனசு என்று எண்ணி எண்ணி உருகினேன். உருகினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள், பள்ளிக்கூடப் படிவம் ஒன்றில் அப்பா கையெழுத்து வேண்டும் என்று பெண் கேட்டாள். மதிய இடைவேளையில் தொழிற்சாலைக்குப் போனேன். உள்ளே உலைப் பிரிவின் அனல் முகத்தில் அடித்தது. தொட்டிக்காரர் எங்கே என்று கேட்டால், "ஏ.சி. ரூம்ல இருக்கார்" என்று சிரித்தார்கள். மேலிருந்தே கூடையை இறக்க வசதியாக, தொட்டியை ஓர் ஆள் மார்பளவு ஆழமுள்ள குழிக்குள் வைத்திருந்தார்கள். ஆவி மேலே போகாமல் திரும்பவும் திரவமாகி விழுவதற்காகத் தொட்டியின் விளிம்பைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர்க் குழாய் ஓடும். அதனால் குழியில் ஒரு பக்கம் நல்ல குளிர்ச்சி. அங்கே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது அந்தத் தொழிற்சாலையில் சீனியருக்கு மட்டும் உள்ள உரிமையாம். முன்னால் இருந்தவர் ஓய்வுபெற்றதும், நாலு மாதமாக அந்த இடம் அத்தானுக்கு. சாப்பாடு ஆனதும் அரைமணி நேரம் சாய்ந்து ஒரு தூக்கமும் உண்டு.

நான் நாலு படி இறங்கினேன். அதே இனிப்பு வாசனை, பத்து மடங்காக.

"வா மச்சான், உட்காரு. குளுகுளுன்னு இல்ல?"

"வாசனை தாங்கலையே அத்தான்."

"கொஞ்ச நேரத்துல போயிடும் பாரு."

உண்மையிலேயே போய்விட்டது. சுவரில் ஒரு சதுர ஓட்டை வெறுமனே இருந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"ஃபேன் இருந்துச்சு. எனக்குத்தான் இங்க ஜில்லுன்னு இருக்கே, எதுக்கு? அதுவும் காத்தை உள்ள விடாம வெளியே தள்ளிட்டிருந்துச்சு, தப்பா மாட்டிட்டாங்க போல. பாவம், உலையில இருக்கறவங்க வேகறாங்கன்னு கழட்டிக் கொடுத்துட்டேன்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். நினைத்ததும் சிரிப்பு வந்தது. அத்தானும் சிரித்தார். படிவத்தை நீட்டினேன். அவர் வேறு எங்கோ ஒரு கோட்டில் கையெழுத்துப் போட்டார். அது எனக்கு உலகத்திலேயே பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது. உதடு மரத்தமாதிரி இருந்தது. எழுந்து நின்றேன், தரை மெத்தையாக அமுங்கியது. படி நாலா எட்டா என்று தெரியவில்லை. காலையிலிருந்து டீயைத் தவிர எதுவும் குடிக்கவில்லையே என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசனை பாதியிலேயே நின்றுவிட்டது. உலைக்காரர் ஒருவர்தான் கையைப் பிடித்து என்னை மேலே இழுத்துப் போட்டார்.

வெளியே காற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். தலை பிளந்தது. எத்தனையோ பேர் என் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அதே கோலத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூலையில் டி.சி.ஈ. பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. ஒன்றைத் திருப்பிப் படித்தேன். ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளமான இடத்தில் தேங்கும். மயக்கம், தலைசுற்றல், குழப்பம் உண்டாக்கும். அதிகமானால் உயிர் போகும். புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. ஆவியை வெளியேற்றும் விசிறி இல்லாமல் பயன்படுத்தாதே. பதினோரு வருடமாக அத்தான் முதுகுக்குப் பின்னாலேயே இதெல்லாம் எழுதியிருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவரைக் குழியிலிருந்து இழுத்துக்கொண்டு, அக்காவையும் வரச்சொல்லிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் பொறுமையான பெண்மணி. அந்த ஆவி மூச்சு வழியாக ரத்தத்துக்கும் மூளைக்கும் போய், மது செய்கிற வேலையைத்தான் செய்யும் என்றார். மூக்கு பழகிவிடுவதால் வாசனை போய்விடும், ஆபத்து போகாது என்றார். இனி அந்தத் தொட்டிப் பக்கமே போகக்கூடாது, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பரிசோதிக்கவேண்டும், ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முழுவதும் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். அக்கா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"ஆனா ஒரு நாள் குடிச்சார் டாக்டர். நானே பார்த்தேன். முகமெல்லாம் சிவந்து கிடந்தது."

"அதுக்குக் கொஞ்சம் போதும்மா. இந்த ஆவி உடம்புல இருக்கும்போது அரை டம்ளர் குடிச்சாலே அப்படித் திட்டுத்திட்டா சிவக்கும். எவ்வளவு குடிச்சார்?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் அசடு வழியத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அரை டம்ளர்தான்" என்றேன் நான். "நான்தான்க்கா வாங்கிட்டு வந்தேன். நான்தான் ஊத்திக் கொடுத்தேன். அவர் வேணாம்னுதான் சொன்னார்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நான் அத்தான் பக்கம் திரும்பினேன். என்னைக் காப்பாற்றிய மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கையைப் பிடித்தேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒன்றும் புரியாத முகம்.

"நீயா மச்சான்? அன்னைக்கு நீயா வாங்கிட்டு வந்தே?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"நானேதான் வாங்கினேன்னு நெனச்சுட்டிருந்தேன். இவளும் சொன்னா, நீயும் தலையை ஆட்டினே. எங்க வாங்கினேன்னுதான் ஞாபகம் வரல. இந்தப் பத்து நாளா வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு கடையா போய் நின்னு, நான் இங்க வந்து வாங்கினேனாங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். எவனும் பார்த்ததில்லைன்னுட்டான்."