இடுப்பில் கட்டிய துடுப்பு: கரிசலிலிருந்து கயாக் ஓட்டப் போன கதை

கோவில்பட்டியிலிருந்து கடல் அறுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் நாற்பத்தாறு வயது வரை நான் அதில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. போன மாசி மாதம், மாமனார் வீட்டில் உளுந்து அடித்து முடித்த மறுநாள், நானும் என் மனைவி செல்வியும் அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பினோம். கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்ட ஆசைப்படும் நம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை 5.15க்குக் காரை எடுத்தோம். எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பார் கடற்கரை. விடியும்போது இருபுறமும் அறுப்பு முடிந்து வெடிக்கத் தொடங்கிய கரிசல், கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மேடு இல்லை. இதைவிடப் பெரிய வெட்டவெளி உலகத்தில் கிடையாது என்ற நினைப்பு எனக்கு உண்டு. 6.40க்குக் கடலைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

ஊருக்குத் தெற்கே கரையில் கயாக் வாடகைக்கு விடும் சேவியர் அண்ணாச்சி மீனவர். ஒன்றரை மணி நேரத்துக்கு, மிதவைச் சட்டையும் விசிலும் சேர்த்து, ஆளுக்கு 700 ரூபாய். ஆளுக்கொரு சுருள் கயிறும் கொடுத்தார். ஒரு நுனி துடுப்பில், மறுநுனிக் கொக்கி படகின் வளையத்தில். கவிழ்ந்தாலும் துடுப்பு தொலையாது, துடுப்பைப் பிடித்திருந்தால் படகும் ஓடாது என்றார். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன்.

நான் நீச்சல் படித்தது தோட்டத்துக் கிணற்றில். அங்கே கயிறு என்றால் இடுப்பில்தான் கட்டுவார்கள். மறுமுனை மேலே நிற்பவர் கையில் இருக்கும். அந்தப் புத்தி விடுமா? கொஞ்ச தூரம் போனதும் கொக்கியைப் படகிலிருந்து கழற்றி என் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டேன். பெரிய சாமர்த்தியம் என்று எண்ணம் வேறு.

முதல் அரை மணி நேரம் சொர்க்கம். இரண்டு ஆள் ஆழத்தில் கடல்புல் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. அதன் நடுவே ஒரு ஆமை. நாகலாபுரத்தில் ஆடுகளோடு வளர்ந்தவள் செல்வி. "ஏங்க, நம்ம ஆடு மாதிரியே மேயுது பாருங்க" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். கவிழ்ந்தேன்.

தலை மேலே வந்தபோது துடுப்பு இடுப்பில் பத்திரமாக இருந்தது. படகைத்தான் காணோம். கரையிலிருந்து வீசிய காலைக் காற்று அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. துரத்தினேன். நீந்த நீந்தத் தூரம் கூடியது. கயிறு தொடையில் சுற்றியது. கரை நானூறு மீட்டருக்கு அப்பால். கிணற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் உண்டு. இங்கே பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. இவ்வளவு பெரியதா என்று அந்தப் பயத்திலும் பிரமிப்பாக இருந்தது. செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

செல்வி தன் படகைத் திருப்பி வந்தாள். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தாள், நழுவியது. துடுப்பை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் பற்றினாள். அவள் துடுப்பு கயிறு நீளத்துக்குப் போய், முளையில் கட்டிய ஆடு போல நின்றது. என்னைப் படகின் பின்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கவைத்து, துடுப்பை இழுத்து எடுத்து, விசிலை ஊதினாள். சேவியர் அண்ணாச்சி வள்ளத்தில் வந்து எங்களை ஏற்றினார். ஓடிப்போன கயாக்கையும் மடக்கிப் பிடித்தார்.

என் இடுப்பைப் பார்த்த பிறகுதான் செல்விக்குக் கோபம் வந்தது. "ஆட்ட முளையிலதான கட்டுதோம்? நம்ம இடுப்புலயா கட்டுதோம்?"

ஆகவே, போகிறவர்கள் கயிற்றைப் படகில் மாட்டுங்கள், உடம்பில் வேண்டவே வேண்டாம். ஒரே கையால் கழற்ற முடிகிற கொக்கிதானா என்று கரையிலேயே பாருங்கள். அலை உடையும் இடத்தில் கயிறே கூடாது, காலைச் சுற்றும் என்கிறார் அண்ணாச்சி. கரைக்கு எதிரே உள்ள தீவுகள் காப்புப் பகுதி, அவற்றில் இறங்க அனுமதி இல்லை. பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 2,450 ரூபாய்.

திரும்பும்போது, கயிறு இருக்கிற தைரியத்தில்தானே துடுப்பை விட்டாய் என்று கேட்டேன். செல்வி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயித்த யாரு நெனச்சா? நீங்க போயிருவீங்கன்னுல்லா விட்டேன்."