பூதக் குகையில் ஒரு கொழுந்து மடுவம்

அந்தச் சஞ்சிகைகள் எங்கள் வீட்டுக்கு வந்தது படிப்பதற்காக அல்ல, சுவரில் ஒட்டுவதற்காக. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சுவர் எப்போதும் கசியும். அடுப்புப் புகை வேறு. தீபாவளிக்கு முன்னால் கோதுமை மாவில் பசை காய்ச்சிப் பழைய பேப்பர் ஒட்டுவது குடும்பத்துக்கு ஓர் அறையான காம்பரா எல்லாவற்றிலும் நடக்கிற வேலை. அப்பா, தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தார். துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை மாற்றலாகிப் போகும்போது எரிக்கச் சொல்லிக் கொடுத்த சஞ்சிகைக் கட்டை, நல்ல வழவழப்பான தாளாயிற்றே என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சஞ்சிகைகளோ அதற்கும் பல வருடம் பழையவை, எல்லாம் இங்கிலீஷ்.

அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அம்மா பாதியை ஒட்டி முடித்திருந்தார். அடுப்புக்கு மேலே சிறகை விரித்து நின்றது ஒரு டிராகன்.

“நெருப்புக் கக்குற சாமானுதானே, அடுப்புக்கிட்டயே கெடக்கட்டும்” என்றார் அம்மா. மீதியை அண்ணன் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டான்.

அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்ததில் ஒன்று புரிந்தது. இது ஒரு விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் குகையையும் பூதத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகி, தங்கள் வீரர் என்ன செய்கிறார் என்று சொல்கிறார்கள். வெட்டு விழுமா விழாதா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. புரியாதது என்னவென்றால், ஆட்டத்தின் சட்டங்கள் எதிலுமே இல்லை. அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட சஞ்சிகைகள். குகைகளின் படம் இருந்தது, பூதங்களுக்குப் பலம் எவ்வளவு என்ற கணக்கு இருந்தது, வாசகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் பக்கம்கூட இருந்தது. எப்படித் தொடங்குவது என்பது மட்டும் இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்த ஆசிரியர்கள் மேல் கோபம்தான். புதிதாக வருகிறவனுக்கு ஒரு வரி எழுதினால் குடியா முழுகிவிடும்?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். எங்கள் சட்டியில் இருந்ததைப் போட்டு நாங்களே சட்டம் செய்தோம். பல முகம் கொண்ட பகடைக்குப் பதில், எண் எழுதிய தேயிலைக் கொட்டைகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினோம். கதை சொல்கிறவனை நாங்கள் கண்டாக்கு என்றோம். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர் அவர்தானே. அண்ணன்தான் கண்டாக்கு. ஆட்டக்காரர்கள் இரண்டே பேர்: நானும், அடுத்த காம்பரா அக்காவும்.

அக்காவுக்கு அண்ணன் வயது. அப்பா இல்லை, அம்மா கொழுந்தெடுத்து வளர்த்த ஒற்றைப் பிள்ளை. ஆட்டத்தில் அவள் வில்லாளி. நான் மந்திரக்காரி, ஆனால் மந்திரம் ஒன்றும் சரியாகத் தெரியாததால் பெரும்பாலும் அவள் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன். பூதத்துக்கு முன்னால் போய் நின்று, “ஒனக்கு என்னா வேணும், அதச் சொல்லு மொதல்ல” என்று கேட்கிற தைரியம் அவளுக்குத்தான் இருந்தது. அப்படி ஒரு கேள்வி வருமென்று அண்ணன் யோசித்தே இருக்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீரர்கள் முதலில் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். காலையில் ஆள் எடுத்துப் பேர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டு. “வில்லாளி, மேக்குக் கொகை! மந்திரக்காரி, அவளோட போ!” என்று அண்ணன் அதட்டுவான். பூதத்தைக் கொன்று பொன்னை அள்ளினால், பொழுது சாய்வதற்குள் குகை வாசலில் இருக்கும் மடுவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழுந்து நிறுக்கிற மடுவம் மாதிரியே அங்கேயும் ஒரு தராசு. பொன்னை நிறுத்து, சாக்குக்கு என்று கொஞ்சம் கழித்து, குகைத் தண்ணீரில் நனைந்த ஈரத்துக்கு என்று இன்னும் கொஞ்சம் கழித்து, மிச்சத்தை அண்ணன் துரை கணக்கில் எழுதிக்கொள்வான். எங்களுக்கு அன்றைய கூலிக்குப் பேர் விழும், அவ்வளவுதான்.

“பொன்னு எங்கடா ஈரத்தக் குடிக்குது?” என்று அக்கா ஒருநாள் சிரித்தாள்.

“கழிக்கிறது வழக்கம்” என்றான் அண்ணன், அசல் கண்டாக்கு தோரணையில்.

யாரும் எங்களை அப்படி விளையாடச் சொல்லவில்லை. டிராகனும் பறக்கும் கப்பலும் கைக்குக் கிடைத்த இடத்தில், நாங்களாகவே ஒரு மடுவத்தைக் கட்டி, நாங்களாகவே வரிசையில் நின்றோம். பொன் எடுத்தவளுக்கே சொந்தமாகலாம் என்பது எங்கள் மூன்று தலையில் ஒன்றுக்கும் உதிக்கவில்லை. விளையாட்டில்கூட!

அந்த வருடம் அக்கா சாதாரணதரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தாள். ஹட்டனில் உயர்தரம் படிக்க இடமும் கிடைத்தது. அதே சமயத்தில் அவள் அம்மாவுக்கு முழங்கால் விட்டுப்போனது. மலையேற முடியாது என்றாகிவிட்டது. தோட்டத்தில் வழக்கம் ஒன்று உண்டு. காம்பரா தோட்டத்துடையது. அந்த வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அங்கே இருக்கலாம். அம்மா நின்றால் மகள் பேர் பதிய வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் சட்டி பானையைக் கட்ட வேண்டும். போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இல்லை. லயம் முழுக்க இதே பேச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா விளையாட வந்தாள். அன்றைக்கு அவளுக்கு விழுந்ததெல்லாம் பெரிய எண்கள். டிராகனை ஒரே அம்பில் சாய்த்தாள். அவ்வளவு பொன் எங்கள் குகையில் அதுவரை கிடைத்ததே இல்லை.

“சரி, மடுவத்துக்கு வா” என்றான் அண்ணன்.

“வரல்ல.”

“மடுவம் மூடப் போறாங்க, புள்ள.”

“மூடட்டும். நான் இந்தப் பக்கமா போறேன்.” குகைப் படத்தின் ஓரத்தில், கோடு முடிகிற இடத்தில் விரலை வைத்தாள்.

“அங்க ஒண்ணுமே வரையலயே?”

“வரையாட்டி என்னா? நடந்துக்கிட்டே இருப்பேன்.”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “பேர வெட்டிருவேன்.”

“வெட்டு.”

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்று தெரியாமல். நானும் அவள் கூடப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு அவர்கள் காம்பராவுக்குப் போய்விட்டாள்.

அவள் ஹட்டனுக்குப் போகப் போகிறாள், அதைத்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நான் நம்பினேன். திங்கட்கிழமை காலை, அவள் அம்மாவின் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு நடந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் விளையாடவில்லை. அண்ணனே டின்னைத் திறந்து கொட்டைகளைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டினான்.

நான் படித்தேன். எங்கள் வீட்டில் அப்பா பேரும் அம்மா பேரும் பதிவில் இருந்தன, அதனால் படிக்க முடிந்தது. இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆசிரியை நியமனம் கிடைத்து ராகலைப் பக்கம் போனேன். ஒரு சனிக்கிழமை நுவரெலியாவில் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா அந்தச் சஞ்சிகையின் பேரை அடித்துப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே கரி பிடித்துக் கிடந்த அதே டிராகன், பளிச்சென்று திரையில் வந்து நின்றது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தார்கள். சட்டமும் அங்கே இருந்தது. யாரும் யாரையும் பேர் கூப்பிட்டு அனுப்புவதில்லை. புதையல் எடுத்தவர்களுக்கே சொந்தம். இஷ்டப்பட்ட திசையில் நடக்கலாம். படத்தில் இல்லாத இடத்துக்கும் போகலாம். கதை சொல்கிறவர் அதற்கேற்ப வரைந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா அன்றைக்கு விளையாடியதுதான் சரியான ஆட்டம். இதை அவளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றம்.

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனதும் நேரே அவள் காம்பராவுக்குத்தான் போனேன். அதே காம்பரா. அவள் வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கறை ஏறிய விரல்களால் எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்துக்குக் கழித்ததை நினைத்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவள் கேட்டாள்:

“பொதையல் எடுத்தா அவங்களுக்கே, இல்ல?”

“அவங்களுக்கே தான், அக்கா.”

“அத வச்சி என்னா செய்வாங்க?”

“பெரிய வாள் வாங்குவாங்க. குதிர வாங்குவாங்க. மறுபடி அடுத்த கொகைக்குப் போவாங்க.”

“அம்புட்டுப் பொன்னு இருந்தும் ஒருத்தரும் வீடு வாங்கலியா?”

நான் படித்ததையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். “வாங்குனதா எங்கயும் காணல.”

அக்கா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அப்பன்னா வெளையாடுனவங்களுக்கு வீடு இருந்திருக்கு, தங்கச்சி.”