மொரியாசு போட்ட எண்ணெய்

சிபா ஊரில், இரு அணிகள் பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடும் காட்டில், ரயில் பணிமனையிலிருந்து ஓய்வுபெற்ற மொரியாசு இந்தப் பருவம் முழுக்க ஒருவரையும் சுட்டதில்லை. அவருடைய பொம்மைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் குண்டுகள் பாதி வழியிலேயே விழுந்தன. இன்று கடைசி ஆட்டம்.

ஆட்டத்துக்கு முன், எதிரணியில் ஆடும் மனைவி ஷிசுயேதான் அவர் துப்பாக்கியைப் பிரித்தாள். குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் ரப்பர் வழுக்கியது.

“இதுக்குமா எண்ணெய் போட்டீங்க?”

“முப்பது வருஷப் பழக்கம்.”

“ரப்பர் பிடிச்சாத்தானே குண்டு சுத்தும். சுத்தினாத்தானே தூரம் போகும்.”

துடைத்துவிட்டு, ரப்பரை இறுக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். சுட்டுப் பார்த்தபோது குண்டு தூரமாக, நேராகப் போனது.

ஆட்டத்தில் புதருக்குள் பதுங்கியிருந்தபோது அவள் முதுகில் சுரீரென்றது. யாரும் பார்க்கவில்லை. பட்டவரே சொல்வதுதான் முறை, கையைத் தூக்கினாள்.

மரத்துக்குப் பின்னாலிருந்து மொரியாசு வந்தார். “நெசமாவே பட்டுச்சா, எனக்காகச் சொல்றியா?”

“வீட்டுக்குப் போய் முதுகுல செவந்த தடத்தைப் பாருங்க. அங்க வேணா எண்ணெய் தேய்ங்க.”