கோட்டை வாசல் எந்தப் பக்கம்

1. கண்ணாடி மூடி

பிள்ளைகளே, நான் லண்டன் மியூசியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம் இது நடந்தது. கண்காட்சிக்கு வரும் பொருட்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, காட்டும் இடத்தில் வைப்பது எங்கள் வேலை. ஏஜென்சி மூலம் போயிருந்தேன். நிரந்தரமாக எடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த மாதக் கடைசியில் சொல்வார்கள்.

அன்று நாலு பேர் ஒரு பெரிய கண்ணாடி மூடியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தோம். கீழே மேசையில் ஜெர்மனியின் ஒரு சின்ன ஊர், மரத்தில் செதுக்கிய பழைய மொடல். ஆறு, சந்தை, தேவாலயம், குன்றின் மேல், தனியாகத் தூக்கி வைக்கக்கூடிய பிரபு குடும்பத்தின் கோட்டை. மூடி இறங்கி சீல் வைத்தால் கண்காட்சி முடியும்வரை திறக்க மாட்டார்கள். அடுத்த நாள் காலை திறப்பு விழா. அந்தக் கோட்டைக் குடும்பத்திலிருந்தே ஒரு அம்மா வருகிறார்.

பாரம் தூக்கும்போது ஒருவர்தான் பேசலாம். எங்கள் குழுவின் லீட், லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் ரவியண்ணை, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் கண்ணாடிக்குள்ளால் கோட்டையைப் பார்த்தேன். என்னை அறியாமல், "ஸ்டொப்!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் அப்படியே உறைந்து நின்றோம். அண்ணை மூடியைப் பத்திரமாக ஸ்டாண்டில் வைக்கச் செய்துவிட்டு என்னிடம் வந்தார்.

"உனக்கென்ன விசரே? ஆரின்ரையாவது கை நசிஞ்சிருந்தால்?"

"அண்ணை, கோட்டை மாறி நிக்குது."

"மாறி நிண்டால் உனக்கென்ன? நீ என்ன பிரபுவின்ரை மருமகனே?"

2. பாண் கூடை

லண்டனுக்கு வருமுன் நான் அந்த ஜெர்மன் ஊரில் ஆறு வருடம் அகதியாக இருந்தேன். அங்கே ஒரு பேக்கரியில் வேலை. விடிந்ததும் முதல் பாணைக் கூடையில் வைத்துக் கோட்டைக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. தேவாலயத்துக்குப் பின்னால் தொடங்கும் கல்படியில் ஏறி, சின்ன வாசலால் உள்ளே போவேன். ஏன் சின்ன வாசல் என்று பேக்கரி முதலாளியிடம் கேட்டேன். மாப் பிசைந்தபடியே சொன்னார்.

பழைய காலத்தில் பிரபு ஆற்றைக் கடக்கும் உப்பு வண்டிகளுக்கு வரி வாங்கினாராம். ஊர்ச்சனம் தர மாட்டோம் என்றது. அவருக்குக் கோபம். பெரிய வாசலைக் காட்டுப் பக்கம் திருப்பிக் கட்டி, ஊரைப் பார்த்த பக்கத்தை வெறும் சுவராக்கிவிட்டார். பேரன் காலத்தில் ஊர் தீப்பிடித்து எரிந்தது. சனம் ஓட வழியில்லை. பேரனின் மனைவி கொத்தர்களைக் கூப்பிட்டு, சனம் கோட்டைக்குள் வந்து தப்ப அந்தச் சுவரை உடைக்கச் சொன்னார். உடைத்த ஓட்டைதான் சின்ன வாசல். அதற்கு நன்றியாகத்தான் இன்றும் முதல் பாண் அந்த வாசலால் போகிறது.

மொடலில் பெரிய வாசல் ஊரைப் பார்த்து நின்றது.

3. பாசிக்கு அடியில்

கண்காட்சிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண் வந்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொந்த ஊருக்கு முதுகு காட்டி யாராவது கோட்டை கட்டுவார்களா?" என்றார்.

"கோபக்காரன் கட்டுவான், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த வரைபடத்தில் கோட்டை வெறும் சதுரம். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தும். போன் எடுத்தார், அங்கே அன்று விடுமுறை.

அண்ணை என் காதுக்குள், "பிழையெண்டால் நாளையிலிருந்து உனக்கு ஷிப்ட் இல்லை. என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. வடிவாத் தெரியுமோ?" என்றார்.

"ஓம் அண்ணை. என்ரை கால் ஏறின படி."

சொல்லும்போதே அந்தப் படி நினைவுக்கு வந்தது. குன்று முழுக்கச் சாயம் போட்ட பாசி ஒட்டியிருந்தது. "தேவாலயத்துக்குப் பின்னால் பாசிக்கு அடியில் படி இருக்கும், பாருங்கோ" என்றேன். அந்தப் பெண் கையுறை போட்டு, கழன்றுகிடந்த பாசியைப் பிரஷால் மெல்ல ஒதுக்கினார். ஒரு படி. பிறகு இன்னொன்று. அரிசி மணி அகலத்தில் வரிசையாக மேலே போய், வாசலே இல்லாத வெறும் மூலையில் முட்டி நின்றது.

கோட்டையைத் தூக்கித் திருப்பி வைத்தோம். சின்ன வாசல் கடைசிப் படிக்கு நேரே வந்து உட்கார்ந்தது.

"அட, பாண்காரா!" என்று அண்ணை என் முதுகில் போட்ட அடி இரண்டு நாள் வலித்தது.

காலையில் கோட்டை அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பெரிய வாசலைப் பார்க்கவேயில்லை. நேரே குனிந்து சின்ன வாசலைத் தேடினார். அது இருந்தது. யார் இதைச் சரியாக வைத்தது என்று கேட்க, பின்னால் நின்ற என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஜெர்மன் பேசியதும் அவருக்குச் சிரிப்பு. "இது எங்கள் பேக்கரிப் பேச்சு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்கள் குடும்பம் எத்தனையோ கட்டியது. ஊர் மறக்காதது இந்த ஒன்றைத்தான்" என்றார்.

அந்த வாரமே அண்ணை நிரந்தர வேலைக்கான படிவத்தைக் கொண்டுவந்தார். 'கல்வி' என்ற இடத்தில் நான் எப்போதும் ஒரு கோடு போட்டுவிடுவேன். அன்று போடவில்லை. 'ஜெர்மனி, பேக்கரி, ஆறு வருடம்' என்று எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளே, என்ன வேலை கிடைத்தாலும் செய்யுங்கள். ஆனால் அந்த இடத்தின் கதையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆளில்லாத ஒரு நாள் வரும். அன்று பயப்படாமல் வாயைத் திறவுங்கள்.