சீட்டில் பை இருந்தால் பஸ் நிற்கும்

கப்பலில் போகிறவர்களைக் கரையில் இறக்கி ஊர் காட்டுவது ஒரு வேலையே இல்லை; அவர்களைத் திரும்பக் கப்பலில் ஏற்றுவதுதான் வேலை. இது எனக்குப் புரிந்தபோது கப்பல் எகிப்தில், சூயஸ் கால்வாய் முனையில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் இருபது பேரில் இரண்டு பேரைக் காணவில்லை. நான் மந்தாரக்குப்பத்தில், எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில், டீ வாங்க எழுந்தவன், செருப்பைப் போட்டது பாதி போடாதது பாதியாக நின்றிருந்தேன்.

போனில் கெய்ரோ கைடு மஹ்மூத். "ரெண்டு பேர் வரவில்லை. அவர்கள் பை மட்டும் சீட்டில் இருக்கிறது. பஸ்ஸை எடுக்கவா, வேண்டாமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? பக்கத்து டேபிளில் இருந்த முதலாளி சேகர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "யாருடா காணோம்? வாயத் தொறந்து சொல்லு, பேயறைஞ்சவன் மாதிரி நிக்காத."

பள்ளம் பார்த்தவர்கள்

டிராவல்ஸில் வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இப்படி ஒரு குரூப் மாட்டியிருக்கும். எல்லோரும் எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் ரிட்டயர் ஆனவர்கள், ஜோடி ஜோடியாக வந்தார்கள். அதில் ஞானப்பிரகாசம் சாரும் தங்கராசு சாரும் ஒரே மெஷினில், ஒருவர் ஷிப்ட் முடிந்ததும் அடுத்தவர் என்று வேலை பார்த்தவர்கள். ஞானப்பிரகாசம் சாரின் மனைவி ரீட்டா அம்மாவுக்குப் பிரமிடு வேண்டாம். குழந்தை இயேசுவோடு மாதாவும் சூசையப்பரும் வந்து தங்கிய இடத்தில் கெய்ரோவில் ஒரு கோயில் இருக்கிறதாம், அதைப் பார்த்தால் போதும். காலையில் பிரமிடு, சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் என்று பிளான் போட்டேன்.

கால்வாய் போட்டோவைக் கம்ப்யூட்டரில் காட்டினேன். வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன். ஞானப்பிரகாசம் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுக்கா தம்பி இவ்ளோ தூரம் போவணும்? நம்ம மைன்ஸ் பள்ளத்துல தண்ணிய வுட்டா இதவிடப் பெரிய கப்பல் போவும்."

இரண்டு வகை பஸ்

கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிற பஸ்ஸில் போனால், பஸ் லேட்டானாலும் கப்பல் நிற்கும். வெளி ஆள் பஸ்ஸில் போனால் நிற்காது. கால்வாய்க்குள் கப்பல்கள் வரிசையாகத்தான் போக முடியும். வரிசையில் இடத்தை விட்டால் போச்சு. சேகர் அண்ணன் பிடித்தது வெளி ஆள் பஸ். விலை குறைவு, வேறு காரணம் இல்லை.

குரூப் மீட்டிங்கில் எழுந்து சொல்லிவிட்டேன்: "லேட்டா வந்தா உங்கள விட்டுட்டு பஸ் போயிடும். பஸ் லேட்டானா கப்பல் போயிடும். அப்புறம் என்னைக் கேட்காதீங்க." அண்ணன் என்னை முறைத்தார். பெரியவர்கள் பயப்படவில்லை, சிரித்தார்கள். சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த டவுன்ஷிப்பில் கம்பெனி பஸ்ஸில் சாப்பாட்டுப் பையை சீட்டில் போட்டுவிட்டு இறங்கி, சாவகாசமாக ஒரு டீ குடித்துவிட்டு வருவார்கள். பையைப் பார்த்தால் டிரைவர் கிளம்ப மாட்டார். ஞானப்பிரகாசம் சார் என் தோளைத் தட்டினார். "காலமெல்லாம் கம்பெனி பஸ்ல போனவங்க தம்பி நாங்க. சீட்டுல பை இருந்தா எந்த டிரைவரும் வண்டிய எடுக்க மாட்டான்."

எடுக்கச் சொன்னது

காணாமல் போனது ஞானப்பிரகாசம் சாரும் ரீட்டா அம்மாவும்தான். கோயில் வாசலில் பஸ் ஏற்கெனவே ரொம்ப நேரம் காத்துவிட்டது. அங்கிருந்து துறைமுகத்துக்கு நீண்ட ரோடு. இன்னும் நின்றால் இருபது பேருக்கும் கப்பல் போய்விடும். பாஸ்போர்ட் எல்லாம் கப்பலில்; திரும்ப ஏற ஆளுக்கொரு கப்பல் கார்டு மட்டும்தான் கையில். "பதினெட்டு பேர் முக்கியமா, ரெண்டு பேர் முக்கியமா? எடுக்கச் சொல்லு" என்றார் அண்ணன்.

சொன்னேன். மஹ்மூத் நல்ல மனுஷன். டிரைவரிடம் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு, அவர் மட்டும் இறங்கித் தேடப் போனார். நான் ரீட்டா அம்மா போனுக்கு அடித்தேன். தங்கராசு சார் எடுத்தார். போன் பைக்குள் இருந்திருக்கிறது; பை பஸ்ஸோடு போய்க்கொண்டிருந்தது. போனில் பஸ் இரைச்சல் கேட்டது, அவர் குரல் அதைவிட மெதுவாக இருந்தது. "அவன் கப்பல் கார்டும் இதுலதாண்டா தம்பி கெடக்குது."

மகள்

ஞானப்பிரகாசம் சார் மகள் டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சரியாக அந்த நேரத்தில் போன் செய்தார். அம்மா போனுக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்து, "கூட்டமா இருக்கும்மா, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாராம்.

எனக்குப் பொய் வராது. உண்மையும் அன்றைக்கு வரவில்லை. "டூர் நடந்துகினு இருக்குக்கா" என்றேன். அவர் விடவில்லை. அம்மாவுக்கு சுகர், நேரத்துக்கு மாத்திரை போடாவிட்டால் தலை சுற்றி விழுந்துவிடுவார் என்று விளக்கினார். "மாத்திரைப் பை அம்மா கையிலதான தம்பி இருக்கு?"

கிடைத்தார்கள்

அடுத்த தெருவில் இன்னொரு சின்னக் கோயில். ரீட்டா அம்மா அங்கே முட்டி போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். சார் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேன் காற்றில் கண் அசந்திருந்தார். தொலைந்துபோனது அவர்களுக்கே தெரியாது. மஹ்மூத் அவர்களை டாக்சியில் ஏற்றி, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, எனக்குப் போன் போட்டு சாரிடம் கொடுத்தார்.

நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. "சார், பஸ் போயிடுச்சு சார்" என்று மட்டும் வந்தது. அப்புறம் டவுன்ஷிப் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். "பை சீட்டுல இருக்கும்போது எவன்டா பஸ்ஸ எடுக்கச் சொன்னது?"

ரிலீவர்

பஸ் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்சி இன்னும் ரோட்டில். தங்கராசு சார் போனில் வந்தார். கப்பல் ஏணியை எடுக்கப் போகிறார்களாம், சீக்கிரம் ஏறு என்று கத்துகிறார்களாம். "ஏறலையா சார்?" என்றேன். ஏறவில்லை. பதினெட்டு பேரும் ஏணியின் அடியிலும் படியிலும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஷூ லேஸ் கட்டினார், ஒருவர் மூட்டு வலி என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையைக் கொடுத்துவிட்டு ஏறு என்றாலும் தங்கராசு சார் கொடுக்கவில்லை. சுரங்கத்தில் ஓடுகிற மெஷினை விட்டு ஆபரேட்டர் தன்னிஷ்டத்துக்கு இறங்க முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நின்றால்தான் இடத்தை விடலாம். அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பேர். "அவன் வந்தப்புறம்தான் நான் எடத்த வுட்டிருக்கேன், நான் வந்தப்புறம்தான் அவன் வுட்டிருக்கான். இங்க மட்டும் என்ன புதுசா?" என்றார்.

அண்ணன் என் பின்னால் வந்து நின்றார். "லூசுங்களாடா அதுங்க? இருபது பேரும் எகிப்துல நின்னா கடைய இழுத்து மூடிட்டு நாம எங்கடா போறது? எல்லாரையும் உடனே ஏறச் சொல்லி குரூப்ல போடு. போடுறா!" டைப் அடித்தேன். கட்டைவிரலை அனுப்புகிற அம்புக்குறிக்கு மேலேயே வைத்திருந்தேன். அண்ணன் சொன்னதில் தப்பும் இல்லை. ஏணியைத் தூக்கிவிட்டால் பத்து வீட்டு மகள்களும் எனக்குத்தான் போன் செய்வார்கள். போனில் யாரோ வேறு மொழியில் திட்டுவது கேட்டது. அப்புறம் ஏதோ வண்டியின் ஹாரன், நீளமாக, விடாமல். ரீட்டா அம்மா இருமுகிற சத்தம். அதன் மேல் தங்கராசு சார் குரல், ஷிப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி சாதாரணமாக. "ரிலீவர் வந்துட்டான் தம்பி. நாங்க ஏறுறோம்."

இந்த வேலையில் முதலாளி சொன்னதையெல்லாம் செய்கிறவன்தான் நான், ஆனால் "எல்லாரும் உடனே ஏறிடுங்க" என்று அன்றைக்கு அடித்த மெசேஜ் மட்டும் இன்னும் அந்த குரூப்பில் அனுப்பாமலே கிடக்கிறது.