பாட்டுப் பெட்டியில் நான் வெட்டிய பிசிறு

எங்கள் வீட்டு நடுச்சுவரில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அண்ணன். பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர் அது. அதில் ஓட்டை போட்டவன் நான்தான். ஒரு நீல ஒயர் அந்தப் பக்கம் போகவேண்டி இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு பஜனைக்கு அண்ணன்தான் முன்பாட்டு. மார்கழி விடிகாலையில் அவர் குரல் எடுத்தால் நாலு தெரு தள்ளி வாசல் தெளிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் ஜால்ரா. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடிப் பழகுவோம். யாரோ ஒருவர் டேப்பில் கேசட்டைப் போட்டுப் பதிவு பட்டனை அழுத்திவிடுவார். அப்படி வருஷக்கணக்காகச் சேர்ந்ததில் நாற்பது சொச்சம் கேசட்டுகள்.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, அது முருகன் போட்ட பிச்சை. ஆனால் அன்றிலிருந்து ஒரு சத்தம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அந்தச் சிலேட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேண்டியதை எழுதிக் காட்டுவார். பஜனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். யாராவது எதிரே வந்து பேசிவிட்டால் பதில் சொல்லவேண்டுமே என்று கோயிலுக்குக்கூட ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போனார்.

பழைய குரலாவது மிஞ்சட்டும் என்று கேசட்டை எடுத்துப் பார்த்தால் சிலதில் வெள்ளையாகப் பூஞ்சை கட்டியிருந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டு, பட்டு நெய்யத் தறிக்குழியில் இறங்கியவன் நான். எனக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரியின் தம்பியிடம் போய் நின்றேன். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்து, கூட்டம் குறைந்து, அப்போதுதான் மூடியிருந்தான். ஐந்து பழைய கம்ப்யூட்டர் அவன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்தன.

"சிடியில போட்டா கீறல் விழும் மாமா. இதுங்கள பிரிச்சு ஒண்ணா சேர்த்து ஒரு சர்வர் கட்டிக்கலாம். பாட்டு எல்லாம் அதுல இருக்கும். ஒயர் இழுத்துட்டா உங்க அண்ணன் அவர் வீட்ல இருந்தே கேட்டுக்கலாம்."

"ஓட்டல்ல இருக்கிற சர்வரா?" என்றேன்.

"அதேதான். கேட்டதை எடுத்தாந்து குடுக்கும். டிப்ஸ் மட்டும் கேக்காது."

எங்கள் வீட்டுக் கூடத்தில் நியூஸ்பேப்பரை விரித்து ஐந்தையும் பிரித்தோம். ஒன்றிலிருந்து மதர்போர்டு, இரண்டிலிருந்து ராம், கறுத்துப் போகாத பவர் பெட்டி ஒன்று, சத்தம் குறைந்த ஃபேன் ஒன்று. திருகாணிகள் ஓடி ஒளியாமல் இருக்க நான் அஞ்சறைப் பெட்டியை எடுத்துவந்து இனம் பிரித்துப் போட்டேன். என் வீட்டுக்காரி, "ராத்திரிக்கு ரசத்துல கடுகா, திருகாணியா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஹார்ட் டிஸ்க் இரண்டு தேறின. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதில் கேசட்டை அப்படியே பதிவது, சரிபண்ணிப் பெரியதில் சேர்ப்பது, பிறகு இடத்துக்காகச் சின்னதிலிருந்து அழிப்பது என்று மச்சினன் சொல்லிக்கொடுத்தான்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரையில் எழுத்து ஓடியது. நான் கற்பூரம் காட்டிவிட்டேன். சாமி பாட்டு இருக்கப்போகிற பெட்டி, அதனால் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில்தான் வைத்தேன். வெறும் தகரமாக நிற்கிறதே என்று ஒரு பட்டுத் துணியையும் சாத்தினேன். அடுத்த வாரம் வந்த மச்சினன் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். "மாமா, இதுக்கு மூச்சு முட்டுது! சாமிக்கு சாத்துங்க, சிபியூவுக்கு சாத்தாதீங்க." பட்டுத் துணியை எடுத்து மடித்துவிட்டுப் பெட்டியைத் தறிக்குப் பக்கத்துப் பலகைக்கு மாற்றினேன்.

ஒரு மணி நேரக் கேசட் பதிய ஒரு மணி நேரம் ஆகும். டேப்பிலிருந்து ஒயர் போட்டு ஓடவிட்டு, நான் குழியில் இறங்கி நெய்துகொண்டே கேட்பேன். அண்ணன் குரல் ஒரு பக்கம், என் தறியில் நாடா ஓடுகிற சத்தம் ஒரு பக்கம். அந்த மூன்று மாதம் நான் நெய்த புடவைகளில் ஒரு குறையும் வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

பதிந்து முடித்ததும் திரையில் பாட்டு கரை போட்ட மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருமல், நாற்காலி இழுக்கிற சத்தம், என்னைத் திட்டுவது, யாரையோ கூப்பிடுவது எல்லாம் இருந்தது. புடவை முடிந்தால் பிசிறு எடுக்காமல் நாங்கள் முதலாளி கையில் கொடுக்கமாட்டோம். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தலைப்பிலிருந்து உடல் வரைக்கும் தடவித் தடவி வெட்டுவோம். கை அதற்குப் பழகிய கை. இது சாமிக்குப் போகிற சரக்கு, இதில் பிசிறு இருக்கலாமா? மவுஸைப் பிடித்துப் பேச்சு வந்த இடத்தையெல்லாம் வெட்டி வெட்டி எடுத்தேன். கடைசியில் பாட்டு மட்டும் மிஞ்சியது. சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

முடிகிற சமயத்தில் சின்ன டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. "அது போவப் போவுது, கழட்டிடுங்க," என்றான் மச்சினன். கழற்றினேன். நல்ல கனம். டிசைன் தாள் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

மிச்சம் கேசட்டுகள். அவற்றின் வேலை முடிந்தது. ஆனால் சாமி பாட்டு இருந்த பொருளைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. பழைய சாமி படத்துக்குச் செய்வதைத்தான் செய்தேன். மஞ்சள் துணியில் கட்டி, உள்ளே இரண்டு கல்லையும் வைத்து, பஸ் ஏறித் தென்னேரிக்குப் போய், நிறைந்து கிடந்த ஏரியில் கும்பிட்டு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சுவரில் ஓட்டை போட்டு அண்ணன் வீட்டுக்கு நீல ஒயரை இழுத்தோம். மிச்சமிருந்த பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை அவர் கூடத்தில் வைத்தான் மச்சினன். முதல் பாட்டு வந்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. முடிந்ததும் சிலேட்டை எடுத்து, "இங்க ஸ்ருதி சேரல" என்று எழுதினார். எல்லாரும் சிரித்தோம். அண்ணி மட்டும் அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

மறுநாள் நான் தறி நாடாவுக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தாள்.

"தம்பி, அந்தப் பொட்டியில அவரு பேசினது எதனா இருக்குதாபா?"

"பாட்டுதான் அண்ணி எல்லாம்..."

"பாட்டு இல்லபா. பாட்டு ஊருக்கே பாடினாரு. நடு நடுவுல என்னைக் கூப்புடுவாரு இல்ல? அது எனக்கு மறந்துக்கினே வருதுபா. நேத்து யோசிச்சுப் பாக்கறேன், அந்தக் குரலு காதுல வரமாட்டேன்னுது. அதான் கேட்டேன்."

"தேடிப் பாக்கறேன் அண்ணி," என்று சொன்னேன். அது பொய். தேட ஒன்றும் இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே.

என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "பேச்சை அறுத்துட்டீங்களா? அறுத்துட்டு, கேசட்டையும் தண்ணியில போட்டீங்களா? நல்லா எடுத்தீங்க பிசிறு."

அன்றைக்கே தென்னேரிக்குப் போனேன். கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம், மஞ்சள் துணி மூட்டை ஏதாவது வலையில் மாட்டியதா, உள்ளே கேசட் இருக்கும் என்று கேட்டேன். "கேசட்டா? மீன் கேளுய்யா, தரேன்," என்றார். முருகா, உனக்குச் சுத்தமாகக் கொடுக்கிறேன் என்று இன்னொருத்தி பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து அண்ணன் அண்ணி இரண்டு பேர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அண்ணன் சிலேட்டில் எழுதினார்: "பேசினது எல்லாம் திட்டு. போனா போவுது."

அதைப் படித்த அண்ணி, "அந்தத் திட்டுதான்பா வேணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அண்ணன் எழுதினதை உள்ளங்கையால் மெதுவாக அழித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தறிக்குப் பக்கத்தில் டிசைன் தாளை எடுக்க அதன் மேலிருந்த டிஸ்க்கை நகர்த்தினேன். கை அப்படியே நின்றுவிட்டது. கடைசியாகப் பதிந்த நாலைந்து கேசட்டை இதிலிருந்து அழித்தேனா? வெட்டிச் சேர்த்தது பெரியதில். வெட்டாதது? அழிப்பதற்குள் இது டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டதே!

மச்சினன் அதை மாட்டுவதற்கு முன்னால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். "ஒரே ஒரு தடவை எழுந்துக்கும் மாமா. எவ்வளவு வருதோ அவ்வளவுதான்."

டிக், டிக், டிக். என் வீட்டுக்காரி விளக்கேற்றிவிட்டு வந்து பின்னால் நின்றாள். ஒரு ஃபைல் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்து முடிந்த கையோடு கிரீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், டிஸ்க் அடங்கிவிட்டது. பிறகு என்ன செய்தும் அது அசையவில்லை.

மூன்றையும் பெரிய டிஸ்க்கில் போட்டுவிட்டு அவன் கிளம்பினான். நான் உட்கார்ந்து முதலாவதைக் கேட்டேன். பாட்டு, இருமல், பாட்டு. இரண்டாவதிலும் அதுதான், கூட என்னுடைய அசட்டு ஜால்ரா. மூன்றாவதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. அதிலும் இல்லையென்றால் அண்ணிக்குச் சொல்லவேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று மூடிவிட்டேன்.

காலையில் குழியில் இறங்கி இரண்டு விரல் கடைதான் நெய்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்தது. பெட்டியில் புதிதாக மூன்று வந்திருப்பதை அண்ணன் பார்த்துவிட்டார் போல. நான் நெய்வதை நிறுத்தவில்லை. பாட்டு பாதியில் நின்றது. கனைப்பு. அப்புறம் அந்தக் குரல்:

"டேய், ஜால்ரா எங்கடா போவுது? நான் இங்க இருக்கேன், நீ வாலாஜாபாத் போயிட்டியா?"

என் கால் தறி மிதியிலிருந்து நழுவிவிட்டது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் வாங்குகிற திட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இந்தாமே! தொண்டை கட்டுது, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

"தோ வந்துக்கினே இருக்கேன்!"

இரண்டு இடத்திலிருந்து வந்தது அந்தப் பதில். ஒன்று டேப்பில் இருந்த அன்றைய அண்ணி. இன்னொன்று அடுக்களையில் இருந்த இன்றைய அண்ணி.

குழியிலிருந்து ஏறி ஓடினேன். அண்ணி கையில் ஆவி பறக்கிற டம்ளரோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். எதற்குக் கொண்டுவந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். அண்ணன் நாற்காலியிலிருந்து கையை நீட்டி டம்ளரை வாங்கினார். ஊதி ஊதி முழுக்கக் குடித்தார். பிறகு மவுஸைப் பிடித்து, பாட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"இந்தாமே!" என்றது பெட்டி.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்று அண்ணி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

அன்று காலை அண்ணன் நாலு டம்ளர் சுடுதண்ணி குடித்தார்.