நெல் டப்பாவும் அரிசி டப்பாவும்

எத்திராஜ் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலக ஓட்டுநர் யாதகிரி. காலை எட்டு மணி இருக்கும். குஷாய்குடாவில் பேருந்துக்காக நின்றிருந்தேன். "மேடம், எத்திராஜ் சார் போயிட்டாரு. திருமுல்கேரி வீட்டுக்கு வந்துடுங்க" என்று போனில் சொன்னார். பன்னிரண்டு வருடம் காருக்குள் எங்கள் இருவரின் சண்டையைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டவர் அவர்.

எத்திராஜோடு வேலை பார்த்த நீங்கள் இதைப் படிப்பீர்கள். போன வாரம் நான் செய்த காரியத்துக்காக உங்களில் சிலர் என்னோடு பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை, அதையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். விவசாயிக்கு எவ்வளவு ஆதரவு தருகிறோம் என்று ஒவ்வொரு நாடும் உலக வர்த்தக விதிகளின்படி கணக்குக் காட்ட வேண்டும். நெல்லுக்கு அரசு இன்று அறிவிக்கும் விலையை அரிசிக் கணக்குக்கு மாற்றி, எண்பதுகளில் இருந்த உலக அரிசி விலையோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பழைய விலை இன்றுவரை அசையவில்லை. உரமும் டீசலும் ஏறியதற்காக நெல் விலையை உயர்த்தினாலும் விதியின் கண்ணுக்கு அது சலுகைதான். விளைச்சலின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கை அது தாண்டினால் மற்ற நாடுகள் வழக்குப் போடலாம். தாண்டியதை நாமே ஒப்புக்கொண்டு சொல்லிவிட்டால் வழக்கிலிருந்து ஒரு பாதுகாப்பு உண்டு. மறைத்தால் அது கிடையாது. நான் சட்டம் படித்தவள், எத்திராஜ் புள்ளிவிவரக்காரர். தில்லிக்குப் போகும் அட்டவணையை இருவரும் சேர்ந்து போடுவோம்.

"எண்பதுல வித்த ரேட்டுக்கு இன்னைக்கு எவனாவது டீ குடுப்பானா? கைக்கு நம்ம விவசாயி மட்டும் அந்த ரேட்ட சுமக்கணும்?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார்; 'கைக்கு' என்றால் இந்த ஊர் உருதுவில் 'ஏன்'. கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்து, அதே விதிப்படி ஒரு எண் பிசகாமல் அட்டவணை போடுவார்.

அவர் மேசையில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் நெல், மற்றதில் அரிசி. நெல்லை அரைத்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும். அதனால் ஒரு டன் நெல்லின் விலையும் ஒரு டன் அரிசியின் விலையும் ஒன்றாகாது. அச்செடுத்த தாளில் நெல் கட்டத்தின் மேல் நாலு நெல், அரிசிக் கட்டத்தின் மேல் நாலு அரிசி வைத்த பிறகுதான் பேனாவை எடுப்பார். எறும்பு வருகிறது என்று நான் புகார் செய்யாத வாரமே இல்லை.

ஆறு வருடம் முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. தில்லியிலிருந்து விருந்தினர் வருகிறார் என்று மேசைகளில் கிடந்த நெல்லையும் அரிசியையும் எடுத்துவிட்டு நானே சுத்தமாகத் துடைத்துவைத்தேன். பளபளத்த அந்த மேசையில் உட்கார்ந்துதான் அரிசி விலை இருக்க வேண்டிய கட்டத்தில் நெல் விலையைப் போட்டேன். டன்னுக்கு நெல் விலை குறைவு என்பதால் ஆதரவு பாதியாகச் சுருங்கி வரம்புக்குள் வந்து நின்றது. அப்படியே தில்லிக்கு அனுப்பியும் விட்டேன். மூன்று மணிக்கு எத்திராஜ் அதைக் கண்டுபிடித்தார். அன்று மாலையே தில்லிக் குழு அந்தத் தாளோடு உலக வர்த்தகக் கூட்டத்துக்காக ஜெனீவாவுக்கு விமானம் ஏறுவதாக இருந்தது.

"நமக்குச் சாதகமாத்தானே இருக்கு, விடுங்க" என்றார் இயக்குநர். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். "விவசாயிக்கு நல்லதுதான சார்?" என்று நானும் ஒத்து ஊதினேன்.

எத்திராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நக்கோம்மா, வேணாம். மறைச்சா பாதுகாப்பு போயிடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். கீழ வண்டியில உக்காந்திருக்கானே யாதகிரி, அவனுக்கு மூணு ஏக்கர் நெல்லு. நம்ம பொய் மாட்டிச்சுன்னா அடி அவன் ரேட்டுலதான் விழும். அளவுகோலே தப்புன்னு சண்ட போடப் போறவங்க, அளந்தத சரியா அளக்க வேணாமா?" என்றார். சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். எண்ணை அவர் அழுத்தவில்லை.

ஐந்து முறை போட்டேன், ஐந்து முறையும் லைன் பிஸி. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். போனை என் கையிலிருந்து வாங்கவும் இல்லை. ஆறாவது முறை கிடைத்தது, விமானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அதிகாரியிடம் பிழையைச் சொன்னேன். பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. நான்கு மாதம் நான் எத்திராஜோடு பேசவில்லை.

அடுத்த வருடம் அந்தக் கட்டத்தைப் பற்றியே கேள்வி வந்தது. இது நெல் விலையா, அரிசி விலையா என்று வேறொரு நாடு கேட்டிருந்தது. திருத்திய தாள் நின்று பிடித்தது. எத்திராஜ் என் மேசையில் நாலு நெல்லை வைத்துவிட்டு, "இப்ப எறும்பு வந்தா பரவாயில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். இந்த வருட அட்டவணையை அவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி போட்டுத் தில்லிக்கு அனுப்பியிருந்தார். அவர் போன நான்காம் நாள் அதைத் திறந்து பார்த்தேன். அரிசிக் கட்டத்தில் நெல் விலை இருந்தது. டப்பாக்கள் இரண்டும் அவர் மேசையில் அல்லவா இருந்தன!

"செத்துப்போன மனுஷன் பேரைக் கெடுக்கணுமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி இல்லாமல் இல்லை. தில்லியிலிருந்து தாள் மறுநாள் போவதாக இருந்தது. அன்று மாலை யாதகிரி என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். காரில் விஷயத்தைச் சொன்னேன்.

"சார் பேரு கெட்டுப் போயிடும்ல மேடம்?" என்றார் அவரும்.

கொஞ்ச தூரம் ஓட்டியவர் வண்டியை ஓரங்கட்டினார். "போன் பண்ணுங்க மேடம். சார் இருந்திருந்தா இங்கயே நிறுத்தச் சொல்லியிருப்பாரு."

முதல் முறையே லைன் கிடைத்தது. யார் போட்ட அட்டவணை என்று அதிகாரி கேட்டார். எத்திராஜ் என்றேன். "அவரா?" என்றவர், காலையில் திருத்திய தாளை அனுப்பச் சொன்னார்.

டப்பாக்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. எறும்பும் வருகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த இரண்டும், தொலைபேசியை நானே எடுக்க வேண்டும் என்ற பயமும்தான். அந்தப் போனுக்கு மறுநாள் காலை புதிய தாளை அச்செடுத்தேன். நெல் கட்டத்தில் நாலு நெல், அரிசிக் கட்டத்தில் நாலு அரிசி வைத்துச் சரிபார்த்தேன். தயாரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே திருத்தியவர் என்று என் பெயரை எழுதினேன். திருமுல்கேரி வீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.